டாயில்ல (அயர்லாந்து பார்லிமென்ட் கீழ்சபையில) மந்திரி சொல்ற பதிலால கேக்குறவங்களுக்கு ஏதாச்சும் நடக்குதா?

வேணிமா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடந்தத இன்னைக்கு எழுதிடுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

நாங்க அயர்லாந்து வந்து ஒம்போது வருஷம் ஆச்சு. மொத ஏழு வருஷம் இந்த ஊர் பார்லிமென்ட் பக்கம் நான் திரும்பிக்கூட பாத்ததில்ல. கில்டேர் ஸ்ட்ரீட் வழியா போறப்ப பார்லிமென்ட் கட்டடமான லென்ஸ்டர் ஹவுஸ் கேட்டுக்கு வெளிய யாராச்சும் அட்டை பிடிச்சுட்டு மழையில நிப்பாங்க, பாவம்னு நெனச்சுட்டு போயிடுவேன். அப்புறம் எங்க சின்னவனுக்கு மூணு வயசாகியும் பேச்சு வரல, ஜிபி (குடும்ப டாக்டர்) பாத்துட்டு அசெஸ்மென்ட்டுக்கு எழுதிப் போடுங்கன்னாரு, போட்டோம். 2005 டிஸெபிலிட்டி சட்டப்படி விண்ணப்பம் போய் மூணு மாசத்துல மதிப்பீட்ட ஆரம்பிக்கணும், அடுத்த மூணு மாசத்துல முடிக்கணும், ஆக மொத்தம் ஆறு மாசம். எங்களுக்கு பதினாலு மாசம் ஓடிப்போச்சு, ஒரு போன் கூட வரல. எந்த ஆபீஸ்னு இங்க சொல்ல வேணாம், அங்க இருக்குற பொண்ணுங்களும் ஆள் இல்லாம திண்டாடுறாங்க.

அந்த சமயத்துல தூக்கம் வராம பார்லிமென்ட்ட காட்டுற ஒராக்டஸ் டிவியோட பழைய ரெக்கார்டிங் எல்லாம் பாக்க ஆரம்பிச்சேன். அதுல டாப்பிக்கல் இஷ்யூஸ்னு ஒரு பகுதி இருக்கு, செவ்வாய் புதன் வியாழன் வரும். ஒரு நாளைக்கு நாலு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 12 நிமிஷம்: டீடி, அதாவது டாயில் உறுப்பினர், நாலு நிமிஷம் சொல்லணும், மந்திரி நாலு நிமிஷம் பதில் சொல்லணும், மறுபடி அவருக்கு ரெண்டு இவருக்கு ரெண்டு. அவ்ளோதான். ஒரு ஆத்துக்கு வெள்ளத் தடுப்பு, ஒரு ஸ்கூலுக்கு கட்டடம், ஒரு கிராமத்துல கார்டா (போலீஸ்) ஸ்டேஷன், ஒரு நோயாளிக்கு மருந்துன்னு நாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

நான் கவனிச்சது என்னன்னா, பல நாள் இந்த நாலுக்கும் எழுந்து பதில் சொல்றது ஒரே ஜூனியர் மந்திரி. கல்வித் துறைக்கும் அவரே, சுகாதாரத்துக்கும் அவரே. சம்பந்தப்பட்ட துறை மந்திரி வர முடியலன்னு மன்னிப்பு சொல்லிட்டு துறை அதிகாரிங்க எழுதிக் குடுத்த தாள வாசிக்கிறாரு. டீடி ரெண்டாவது வாட்டி எழுந்து "நான் கேட்டது அது இல்லையே"ங்குறாரு, இவரு "உங்க கருத்த மந்திரிகிட்ட கொண்டு போறேன்"ங்குறாரு. வாசிக்கிறவருக்கு முடிவெடுக்குற அதிகாரம் இல்ல, அதிகாரம் இருக்குறவரு அந்த அறையில இல்ல. மேல பார்வையாளர் மாடத்துல அந்த குடும்பம் உக்காந்து பாத்துட்டு இருக்கும். ஒரு அம்மாவா எனக்கு அத பாக்க தாங்கல.

அதனால கேக்குறேன். இங்க பல வருஷமா இருக்குறவங்க சொல்லுங்க, அப்படி டாயில்ல கேட்டு, மந்திரி பதில் சொல்லி, நெஜமா ஏதாச்சும் நடந்த கதை உங்ககிட்ட இருக்கா? எங்க ஏரியா டீடிகிட்ட போகலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்.

---

டப்ளின்24_பாலா எழுதியது:

அக்கா, பையனுக்கு சீக்கிரம் கிடைக்கணும். ஆனா எனக்கு இந்த பதில்கள் மேல நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சு, காரணம் வீடு.

2024 நவம்பர் தேர்தலுக்கு முன்னாடி அரசாங்கத்துல இருந்தவங்க, அப்ப டீஷக்கா (பிரதமரா) இருந்த சைமன் ஹாரிஸ், ஹவுசிங் மந்திரி டாரா ஓ பிரையன் எல்லாரும் அந்த வருஷம் கிட்டத்தட்ட 40,000 வீடு முடியும்னு சொல்லிட்டே இருந்தாங்க. டாயில்ல எதிர்க்கட்சி அந்த நம்பர் வராதுன்னு திருப்பித் திருப்பி சொன்னப்பவும் அதே பதில்தான். தேர்தல் முடிஞ்சு ஜனவரில புள்ளியியல் ஆபீஸ் கணக்கு வந்துச்சு, 30,330. 2023ல முடிஞ்சத விட கம்மி! பத்தாயிரம் வீடு சின்ன வித்தியாசமா? அத நம்பி இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கலாம்னு ஷேரிங் ரூம்ல இருந்தவங்க எத்தனை பேரு, அதுல நானும் ஒருத்தன்.

2025ல வீடில்லாம எமர்ஜென்சி தங்குமிடத்துல இருக்குறவங்க 15,000ஐத் தாண்டியாச்சு, அதுல நாலாயிரத்து ஐநூறுக்கு மேல குழந்தைங்க. ஒவ்வொரு மாசமும் அந்த நம்பர் வரும், ஒவ்வொரு மாசமும் எதிர்க்கட்சித் தலைவர்ங்க கேக்குற லீடர்ஸ் கொஸ்டின்ஸ்ல யாராச்சும் கேப்பாங்க, அரசாங்கம் எத்தனை கோடி ஒதுக்கியிருக்குன்னு பதில் வரும். ஒதுக்குறது வேற, கட்டுறது வேற இல்லையா? டப்ளின் புது குழந்தைங்க ஆஸ்பத்திரியவே எடுத்துக்கோங்க, 2017ல 98.3 கோடி யூரோன்னு ஒத்துக்கிட்டது 2024ல 224 கோடிக்கு போயிடுச்சு. நடுவுல எத்தனை மந்திரி எழுந்து எத்தனை தேதி சொன்னாங்கன்னு எண்ணிப் பாத்தாலே மலைப்பா இருக்கும்.

---

கார்க்_செந்தில் எழுதியது:

பாலா சொல்றதுல தப்பில்ல, ஆனா நடந்த கதையும் இருக்கு, என்னோடதே.

நம்ம இந்திய லைசென்ஸ இங்க மாத்திக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தியரி டெஸ்ட், லேர்னர் பர்மிட், கிளாஸ், அப்புறம் டிரைவிங் டெஸ்ட்னு மொதல்ல இருந்து வரணும். 2025 ஏப்ரல் கடைசில டெஸ்டுக்கு காத்திருக்குற நேரம் நாடு முழுக்க சராசரி 27 வாரம். பஸ் இல்லாத ஊர்ல வேலை கிடைச்சவனுக்கு 27 வாரம்னா அந்த வேலையே போச்சுன்னு அர்த்தம். அப்ப டாயில்ல எல்லா கட்சிக்காரங்களும், ஆளுங்கட்சி பின் வரிசையும் சேத்து, இத விடாம கேட்டாங்க. கிராமத்து டீடிங்களுக்கு இது உயிர்ப் பிரச்சனை, பசங்க காலேஜ் போக கார் வேணும். ரோடு சேஃப்டிக்கு பொறுப்பான ஜூனியர் மந்திரி ஷான் கேனி, கால்வேக்காரரு, செப்டம்பருக்குள்ள 10 வாரத்துக்கு கொண்டு வரணும்னு ரோடு சேஃப்டி ஆணையமான ஆர்எஸ்ஏ-க்கு கெடு வச்சாரு. புது டெஸ்டர்ங்கள எடுத்தாங்க, கூடுதல் நேரம் டெஸ்ட் வச்சாங்க, செப்டம்பர் ஆரம்பத்துல 10 வாரம் பக்கத்துல வந்துடுச்சு. என் தேதியும் முன்னாடி வந்தது, பாஸும் பண்ணேன்.

இதுல நான் பாத்த வித்தியாசம் என்னன்னா அங்க ஒரு நம்பரும் ஒரு மாசமும் சபையில சொல்லப்பட்டுச்சு. அந்த செப்டம்பர் வந்தப்ப எல்லாரும் திரும்ப கேக்க முடிஞ்சுது. வேணி அக்கா பாத்த பதில்கள்ல தேதியே இருந்திருக்காது, அதான் காத்துல போகுது.

ஆனா எங்க கார்க்குலயே எதிர் உதாரணமும் இருக்கு. 2023 அக்டோபர் 18, பேபெட் புயல், மிடில்டன் ஊருக்குள்ள தண்ணி வந்து 600க்கு மேல வீடும் கடையும் முங்கிச்சு. நான் அடுத்த வாரம் போய்ப் பாத்தேன், மெயின் ஸ்ட்ரீட் பூரா நனைஞ்ச கார்பெட்டும் மரச்சாமானும் வாசல்ல குவிஞ்சு கெடந்துச்சு. அதுக்கப்புறம் கார்க் டீடிங்க கேக்காத வாரம் இல்ல. வெள்ளத்துக்கு இப்ப பொறுப்பான ஜூனியர் மந்திரி கெவின் மோரன் நல்ல மனுஷன்னுதான் சொல்றாங்க, அத்லோன்ல வெள்ளம் வந்தப்ப ஜனங்களோட தண்ணிக்குள்ள நின்னவரு, அதனால கேக்குறவங்க வேதனை அவருக்கு புரியும். ஆனா டிசைன், சுற்றுச்சூழல் ஆய்வு, திட்ட அனுமதி, யாராச்சும் கோர்ட்டுக்கு போனா அதுன்னு ஒவ்வொரு படிக்கும் வருஷக்கணக்கு. முழுத் தடுப்பு இன்னும் கட்டி முடியல. மழை அடிச்சுப் பெஞ்சா அந்த ஊர்ல யாரும் தூங்குறதில்ல.

---

யாழவன்67 எழுதியது:

தங்கச்சி வேணி, பிள்ளைக்கு எல்லாம் நல்லா வரும், கவலைப்படாதேங்கோ. நான் டொனிகோல்ல லெட்டர்கென்னிக்குக் கிட்ட இருக்கிறன், 2003ல வந்தனான். எங்கட றோட்டில மட்டும் மூண்டு வீடு சுவர் வெடிச்சுப் போய்க் கிடக்குது. கையால சுரண்டினா கல் மாவு மாதிரிக் கொட்டும். மைக்கா எண்டுதான் சனம் சொல்லுறது, பிறகு பிரோடைட் எண்ட இன்னொரு கனிமமும் காரணம் எண்டு ஆராய்ச்சி செய்தவை சொல்லினம். பக்கத்து வீட்டு மனுசி ஒவ்வொரு மாரிக்கும் பிள்ளையளை எந்த அறையில படுக்க வைக்கிறது எண்டு யோசிப்பா, மற்ற அறைச் சுவர் இந்தக் காத்துக்கு நிக்குமோ எண்ட பயம்.

இதுக்கு மந்திரிமார் சொன்ன பதிலுகளை நான் வருசக்கணக்கா கேட்டுக்கொண்டு வாறன். 2020ல ஒரு திட்டம் வந்தது, 90 வீதம் அரசாங்கம், 10 வீதம் வீட்டுக்காரர். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உச்சவரம்பு, வாடகை, சாமான் களஞ்சியம் எண்டு எல்லாம் கூட்டிப் பாத்தா ஏலாத காசு. 2021ல சனம் பஸ் பிடிச்சு டப்ளினுக்குப் போச்சுது, ஜூனிலயும் போனம், ஒக்டோபரிலயும் போனம், ஆயிரக்கணக்கில. நானும் போனனான். கையில "நூறு வீதம்" எண்ட பதாகை. அதுக்குப் பிறகு 2022ல புதுச் சட்டம், 4,20,000 யூரோ வரம்பு, பிறகு அதையும் 10 வீதம் கூட்டினவை. அத்திவாரம் பற்றிக் கேட்டா இண்டைக்கும் ஆய்வு நடக்குது எண்டுதான் மறுமொழி.

ஆனா நான் சொல்ல வாறது வேற. கேட்டுக் கேட்டுக் களைச்ச சனம் கடைசியில தாங்களே கட்சி துவங்கிச்சுது. நூறு வீத இழப்பீடு எண்டதுதான் கட்சிக்குப் பேரே. 2024 ஜூன் உள்ளூராட்சித் தேர்தலில டொனிகோல் கவுன்சிலில நாலு இடம் எடுத்தவை. அதே வருசம் நவம்பரில சார்ல்ஸ் வோட் எண்டவர் அந்தக் கட்சியில டீடியாவே போனார். கேற்றுக்கு வெளிய நிண்ட சனத்தின்ர ஆள் இப்ப உள்ளுக்க நிண்டு மந்திரியைக் கேக்கிறார். வீடு அனுபவிச்சவன் கேக்கிற கேள்விக்குத் தாள் பாத்து வாசிக்கிறது சுகமில்லை, அவருக்கு எந்தக் கல் எப்பிடி உதிரும் எண்டு தெரியும்.

போங்கோ, டீடியிட்டப் போங்கோ. வெக்கப்பட ஒண்டுமில்லை. இந்த ஊரில சனி காலமை டீடிமார் கிளினிக் எண்டு வைச்சு ஆக்களைச் சந்திக்கிறது வழமை.

---

கிரி_கால்வே எழுதியது:

லென்ஸ்டர் ஹவுஸ்ல சைக்கிள் நிறுத்துற ஷெட்டுக்கு 3,36,000 யூரோ செலவு பண்ண கதைய யாரும் சொல்லலையே. அத பத்தி பேசுவோம்.

---

மட்டுறுத்துநர்:

கிரி, சைக்கிள் ஷெட்டுக்கு ஏற்கனவே ஒரு இழை ஓடுது, அங்க வாங்க. இங்க வேணி கேட்ட கேள்வியோட நிப்போம்.

---

நர்ஸ்_ஸ்டெல்லா எழுதியது:

வேணி, நான் நாகர்கோவில், இங்க நர்ஸா பன்னெண்டு வருஷம். என் ஆஸ்பத்திரி பேர் சொல்ல மாட்டேன், லிமெரிக் இல்ல, ஆனா லிமெரிக் பத்திதான் எழுதப் போறேன், ஏன்னா மந்திரிங்க பதிலோட ஆயுசு எவ்வளவுன்னு அதுல தெரியும்.

2009ல எனிஸ், நீனா, அப்புறம் லிமெரிக்குலயே செயின்ட் ஜான்ஸ்னு மூணு ஆஸ்பத்திரியோட எமர்ஜென்சிய மூடி எல்லாத்தையும் யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்தாங்க. ஒரே இடத்துல இருந்தா தரம் நல்லா இருக்கும்னு அன்னைக்கு சொன்ன காரணம், மருத்துவ ரீதியா அதுல நியாயம் இருக்கு. ஆனா மூணு இடத்து கூட்டத்துக்கு வேண்டிய படுக்கை அதே வேகத்துல வரல. எங்க சங்கம் ஐஎன்எம்ஓ தெனமும் காலையில ட்ராலி எண்ணும், எத்தனை பேர் வார்டுல எடமில்லாம ட்ராலியில கெடக்காங்கன்னு. வருஷா வருஷம் அதுல லிமெரிக்தான் மேல. 96 படுக்கை பிளாக்னு பதில்ல கேட்டோம், வருது வருதுன்னு எத்தனையோ குளிர்காலம் போச்சு. கிளேர், டிப்பரரி, லிமெரிக் டீடிங்க கட்சி வித்தியாசம் இல்லாம இத எழுப்பினாங்க. அப்புறம் 2024ல அப்போதைய மந்திரி ஸ்டீஃபன் டானலி, அந்தப் பகுதிக்கு ரெண்டாவது எமர்ஜென்சி வேணுமான்னு சுகாதாரத் தரத்த கண்காணிக்கிற ஹிக்வாவ ஆராயச் சொன்னாரு. 2025ல அறிக்கை வந்துச்சு, மூணு வழி சொல்லிருக்கு: இருக்குற எடத்துலயே பெருசாக்கலாம், பக்கத்துல ரெண்டாவது வளாகம் போடலாம், இல்ல எமர்ஜென்சியோட இன்னொரு ஆஸ்பத்திரி. 2009ல மூடினதுக்கு 2024லதான் இந்த கேள்விய அரசாங்கமே காகிதத்துல கேட்டுச்சு. பதினஞ்சு வருஷம்.

ட்ராலின்னா என்னன்னு வெளிய இருக்குறவங்களுக்கு புரியாது. எண்பத்தஞ்சு வயசு பாட்டி, பக்கத்துல லைட்டு அணையாது, பாத்ரூம் போகணும்னா நடைபாதையில எல்லார் முன்னாடியும் கேக்கணும். நான் என் ஸ்கார்ஃப எடுத்து ஒருத்தங்களுக்கு கண்ணு மேல போட்டு விட்டிருக்கேன், கொஞ்சமாச்சும் தூங்கட்டும்னு.

இன்னொண்ணு, மனசு கேக்காம சொல்றேன். முதுகெலும்பு வளைஞ்ச குழந்தைங்களுக்கு ஆபரேஷன் காத்திருப்பு நாலு மாசத்துக்கு மேல போகாதுன்னு 2017ல சுகாதார மந்திரியா இருந்தப்ப சைமன் ஹாரிஸ் வாக்கு குடுத்தாரு. அந்த பேச்சு இன்னைக்கும் டாயில்ல திரும்பத் திரும்ப எடுத்து வைக்கப்படுது, ஏன்னா அது நடக்கல. வளர்ற குழந்தைக்கு ஒவ்வொரு மாசமும் வளைவு கூடும், செய்ய வேண்டிய ஆபரேஷன் பெருசாகும், நுரையீரல அழுத்தும். செந்தில் அண்ணா சொன்னாங்களே தேதி சொன்னா நல்லதுன்னு, இங்க தேதி சொல்லியும் நடக்கலையே. டெஸ்டர புதுசா எடுத்து மூணு மாசத்துல பழக்கிடலாம், குழந்தைங்க முதுகெலும்பு சர்ஜனையும், தியேட்டர் நர்ஸையும், ஐசியு படுக்கையையும் அப்படி கொண்டு வர முடியாது. அத தெரிஞ்சு வாக்கு குடுத்தாங்களா தெரியாம குடுத்தாங்களான்னு எனக்கு இன்னைக்கும் கோவம்.

---

டப்ளின்24_பாலா எழுதியது:

ஸ்டெல்லா அக்கா, படிச்சு முடிக்க முடியல.

ஒரு விஷயம் யாரும் சொல்லல, நம்ம ஆளுங்க பத்தி. 2025 ஜூலை 19, நான் இருக்குற டாலாவில, வந்து சில வாரமே ஆன ஒரு இந்தியரை அடிச்சு, துணிய உருவி, ரத்தத்தோட விட்டுட்டு போனாங்க. அதுக்கப்புறம் வரிசையா செய்தி. ஆகஸ்ட் 1 இந்திய தூதரகம் ஒதுக்குப்புறமா தனியா போகாதீங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு. வாட்டர்ஃபோர்ட்ல ஆறு வயசு குழந்தை மேல கை வச்சாங்க. அந்த மாசம் ஃபார்ம்லீல நடக்க வேண்டிய இந்தியா தினத்த தள்ளி வச்சாங்க.

இது நடந்த ஆறு ஏழு வாரமும் டாயில் கோடை விடுமுறை, செப்டம்பர் 17தான் திரும்ப கூடுச்சு. யாரும் சும்மா இருந்தாங்கன்னு சொல்லல, அப்போதைய ஜனாதிபதி மைக்கேல் ஹிக்கின்ஸ் அறிக்கை விட்டாரு, டானிஷ்டே (துணைப் பிரதமர்) ஹாரிஸ் நம்ம சங்கத்து ஆளுங்கள கூப்பிட்டு பேசினாரு. ஆனா அறிக்கைங்குறது அவங்க சொல்ல விரும்புறத சொல்றது. சபையில நின்னு எத்தனை கேஸ், எத்தனை பேர் கைது, எத்தனை கார்டா அந்த ஏரியால ராத்திரி சுத்துறாங்கன்னு கேட்டா நீதி மந்திரி ஜிம் ஓ கேலஹன் அதுக்குத்தான் பதில் சொல்லியாகணும். நாங்க ரூம்மேட்ஸ் நாலு பேரு அந்த வாரங்கள்ல லூவாஸ் டிராம் ஸ்டாப்ல இருந்து ஒண்ணா சேந்துதான் வீட்டுக்கு நடந்தோம். பதில் வேணும்னு தோணினது அப்பதான், அதுவரைக்கும் நான்தான் பதில்களால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு இருந்தவன்.

---

ரம்யா_புதுசு எழுதியது:

வணக்கம், நான் வந்து எட்டு மாசம்தான் ஆச்சு, ஜெனரல் வேலை பர்மிட், நர்சிங் ஹோம்ல ஹெல்த்கேர் அசிஸ்டென்ட். பொண்ணும் வீட்டுக்காரரும் ஊர்ல இருக்காங்க, பன்னெண்டு மாசம் முடிஞ்சாதான் அவங்களுக்கு விண்ணப்பம் போட முடியும், அதுக்கப்புறம் சம்பளக் கணக்கு வேற பாப்பாங்களாம். நான் சிட்டிசன் இல்ல, ஓட்டும் இல்ல. நானெல்லாம் டீடிக்கு எழுதலாமா? எழுதினா விசாவுக்கு ஏதும் பிரச்சனை ஆகுமான்னு பயமா இருக்கு.

---

கார்க்_செந்தில் எழுதியது:

ரம்யா, தாராளமா எழுதும்மா, ஒரு பிரச்சனையும் ஆகாது. டாயில் தேர்தல்ல நமக்கு ஓட்டு இல்லதான், ஆனா கவுன்சில் தேர்தல்ல இங்க குடியிருக்குற யாரும் ஓட்டு போடலாம், எந்த நாட்டுக்காரரா இருந்தாலும். செக் த ரெஜிஸ்டர் சைட்ல போய் பேரை பதிஞ்சுக்கோ, நம்ம ஆளுங்க பாதிப்பேர் இத பண்றதே இல்ல. ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் குடும்பங்க விஷயத்த பல டீடிங்க ஏற்கனவே சபையில எழுப்பியிருக்காங்க. 2024 மே வரைக்கும் ஜெனரல் பர்மிட்காரங்களோட கணவன் மனைவிக்கு இங்க வந்தாலும் வேலை பாக்க தனி பர்மிட் வேணும், சங்கங்களும் டீடிங்களும் கேட்டுக் கேட்டு அது மாறி இப்ப வந்தவுடனே வேலை பாக்கலாம். உன் வீட்டுக்காரருக்கு அது உதவும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். இங்க 43 தொகுதி, 174 டீடி, ஒரு தொகுதிக்கு மூணுல இருந்து அஞ்சு பேர். ஒரே கட்சிக்காரங்களே ஒரே தொகுதில ஒருத்தருக்கொருத்தர் போட்டி. அதனால உங்க வேலைய யார் நல்லா எடுத்து பண்றாங்கன்னு அவங்களுக்குள்ளயே ஓட்டம் இருக்கும். நாலு பேருக்கும் ஒரே மெயில போடாம ஒருத்தர பிடிச்சு அவர்கிட்டயே தொடர்ந்து போங்க, நாலு பேரும் ஒரே கேள்விய போட்டா ஒரே பதில் நாலு வாட்டி வரும்.

---

டப்ளின்24_பாலா எழுதியது:

மேற்கோள்: "ஒருத்தர பிடிச்சு அவர்கிட்டயே தொடர்ந்து போங்க"

இதுதான் எனக்கு உறுத்துது ண்ணா. அப்ப டீடிய பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு வரிசையில முன்னாடி எடம், தெரியாதவன் பின்னாடியா? ஒரு ஊர் ரோட்டுக்கும் ஒரு பாலத்துக்கும் 12 நிமிஷம் போகுது, நாடு முழுக்க வாடகைக்கு இருக்குறவங்களுக்கு யாரு எழுந்து நிக்குறா? 2026 மார்ச் 1ல இருந்து புது வாடகை சட்டம், புதுசா குடியேறுறவங்களுக்கு ஆறு வருஷ பாதுகாப்பு நல்லதுதான், ஆனா குடியிருக்குறவர் தானா காலி பண்ணா அடுத்தவருக்கு மார்க்கெட் விலைக்கு ஏத்தலாம். என்னை மாதிரி வேலைக்காக ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுறவனுக்கு அது ஒவ்வொரு வாட்டியும் அடி. ஹவுசிங் மந்திரி ஜேம்ஸ் பிரௌன்கிட்ட கேட்டாங்க, சப்ளை வரணும்னா முதலீடு வரணும்னு பதில். அத யாரோட பிரச்சனையா எடுத்துட்டு போறது, எந்த தொகுதி கேஸ் அது?

---

முத்துவேல்_மதுரை எழுதியது:

தம்பி பாலா கேட்டது ரொம்ப சரியான கேள்வி. நான் மதுரையில குடிமையியல் சொல்லிக் குடுத்து ஓய்வு பெற்றவன், பொண்ணு டப்ளின்ல இருக்குறதால இந்த இழைய படிச்சுட்டு வர்றேன்.

நம்ம அரசியலமைப்புல இருக்குற வழிகாட்டு நெறிகள் அயர்லாந்தோட 1937 சாசனத்துல இருந்துதான் எடுத்தது, அங்க அது 45ஆம் பிரிவு. மாநிலங்களவைக்கு 12 பேரை நியமிக்கிற ஏற்பாடும் அங்கிருந்து வந்ததுதான், அங்க ஷனட்டுக்கு (மேல்சபைக்கு) 11 பேரை டீஷக் நியமிக்கிறாரு. ரெண்டு நாட்டுலயும் அந்த நெறிகளை வச்சு கோர்ட்டுல வழக்கு போட்டு வாங்க முடியாது. வீடு ஒரு உரிமைன்னு ஐரிஷ் சாசனத்துல இல்ல. ஆகவே வாடகைக்கு இருக்குறவனுக்கு நீதிபதிகிட்ட போற வழி குறுகல், மந்திரிகிட்ட கேக்குற வழிதான் பெருசா திறந்திருக்கு. அதனாலதான் அந்த 12 நிமிஷத்தை அலட்சியம் பண்ணக்கூடாதுன்னு நான் நினைக்கிறேன். வேணி அம்மா விஷயத்துல நிலைமை வேற, 2005 சட்டம் கெடுவை எழுதியே வச்சிருக்கு. அதை கேள்வியிலயே சொல்லிக் கேக்கணும்மா.

---

யாழவன்67 எழுதியது:

ஐயா சொன்னது சரி. பாலா தம்பி, வரிசை பற்றின உங்கட கோவம் நியாயம். ஆனா ஒண்டு பாருங்கோ. 2025 ஜனவரி 23ந் திகதி மீஹால் மார்ட்டின் டீஷக்கா வந்து மந்திரிமார் பதவியேத்தவை. அடுத்த நாள் 24 எயோவின் புயல். மேஸ் ஹெட்டில மணிக்கு 184 கிலோமீற்றர் காத்து, 7,68,000 இடத்தில கரண்ட் இல்லை. எங்கட பக்கம் தொடங்கி கால்வே வரை சில வீடுகளுக்கு ரெண்டு கிழமைக்கு மேல இருட்டு. கதிரையில இருந்து ஒரு நாள் ஆகாத மந்திரிமாரைக் கேக்கத் தொடங்கின சனம், மேற்கில இருந்து போன டீடி எல்லாரும் ஒரே கேள்வியை வேற வேற ஊர்ப் பேரோட கேட்டவை. மரம் வெட்டுறது, கம்பி பாதுகாக்கிறது, தண்ணி பம்புக்கு ஜெனரேற்றர், வயசு போன ஆக்களின்ர பட்டியல். ஊர்ப் பிரச்சினை எண்டு பிரிச்சுக் கேட்டாலும் கூட்டிப் பாத்தா அது நாட்டுப் பிரச்சினைதானே. வாடகைக்காரரும் அப்பிடிச் சேர வேணும்.

---

நர்ஸ்_ஸ்டெல்லா எழுதியது:

வேணி, போறதா இருந்தா இத மனசுல வச்சுக்கோ. எழுத்துக் கேள்விக்கு டீடிக்கு பதில் சீக்கிரம் வந்துடும், ஆனா தனி ஒருத்தரோட சிகிச்சைன்னா "இது சேவை சம்பந்தப்பட்டது, ஹெச்எஸ்ஈ (அரசு சுகாதார சேவை) நேரடியா பதில் தரும்"னு ரெண்டு வரிதான் மந்திரிகிட்ட இருந்து வரும். பயந்துடாதே, அது வழக்கமா எல்லாருக்கும் வர்றது. அதுக்கு பத்து வேலை நாள், வரலைன்னா டீடி ஆபீஸ் திரும்ப கேக்கணும், அவங்க மறந்துடுவாங்க, நீதான் நாள எண்ணணும். பையன் பேரோட ஒரு கேள்வி, பேரில்லாம அந்த ஏரியால எத்தனை குழந்தைங்க ஆறு மாசத்த தாண்டி காத்திருக்காங்கன்னு இன்னொரு கேள்வி, ரெண்டும் போடச் சொல்லு. ரெண்டாவதுதான் பதிவுல எல்லாரும் படிக்கிற மாதிரி நிக்கும்.

கில்டேர்ஸ்ட்ரீட் டாட் காம்ல ஒரு சொல்லப் போட்டு வச்சா அந்த சொல் டாயில்ல வர்றப்பல்லாம் மெயில் வரும். நான் ட்ராலின்னு போட்டு வச்சிருக்கேன்.

---

வேணிமா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. யாழவன் அண்ணா சொன்ன மாதிரி சனிக்கிழமை கிளினிக்குக்கு போனேன். லைப்ரரி பக்கத்துல ஒரு சின்ன ரூம், எனக்கு முன்னாடி ஆறு பேர். ஒருத்தருக்கு செப்டிக் டேங்க், ஒரு வயசான தம்பதிக்கு ஹோம் ஹெல்ப் மணி நேரம், ஒரு பொண்ணுக்கு ஸ்கூல் பஸ்ல எடம். அவங்கவங்க கையில ஒரு பிளாஸ்டிக் கவர்ல கடிதங்க, என் கையிலயும் அதேதான். டீடி இருபது நிமிஷம் கேட்டாரு, முத்துவேல் ஐயா சொன்னபடி சட்டத்தோட ஆறு மாசத்த மொதல்லயே சொன்னேன், அவரு அத எழுதிக்கிட்டாரு.

ஸ்டெல்லா சொன்ன மாதிரி ரெண்டு கேள்வி போட்டாங்க. பையன் பேர்ல போட்டதுக்கு அப்படியே அதே ரெண்டு வரி வந்துச்சு, நீ முன்னாடியே சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கு உடைஞ்சு போயிருப்பேன். ரெண்டாவது கேள்விக்கு ஒரு பக்கம் பதில், அதுல புது வேலையாளுங்க எடுக்குறது பத்தியும் தனியார்ல மதிப்பீடு வாங்குறது பத்தியும் நாலு பத்தி இருக்கு. எங்க ஏரியா குழந்தைங்க எத்தனைன்னு நம்பர் இருக்கு. எந்த மாசத்துக்குள்ள அந்த நம்பர் குறையும்னு எங்கயும் இல்ல. படிச்சப்ப செந்தில் அண்ணா ஞாபகம்தான் வந்துச்சு. டீடி ஆபீஸுக்கு போன் பண்ணி அந்த ஒரு விஷயத்த மட்டும் கேட்டு இன்னொரு கேள்வி போடுங்கன்னேன், போட்டுட்டாங்க, டாப்பிக்கல் இஷ்யூவுக்கும் குடுத்துப் பாக்குறேன்னு சொல்லிருக்காங்க, எடுத்தா பார்வையாளர் மாடத்துக்கு பாஸ் தர்றாங்களாம்.

ஹெச்எஸ்ஈல இருந்து வர வேண்டிய பதிலுக்கு இன்னையோட ஏழு வேலை நாள். இன்னும் மூணு. அந்த கிளினிக்ல பக்கத்துல உக்காந்திருந்த ஸ்கூல் பஸ் பொண்ணோட பையனும் எங்க பையன் மாதிரியே அதே வரிசையில இருக்கானாம், நம்பர் வாங்கிட்டு வந்தேன், ரெண்டு பேரும் இப்ப தெனமும் பேசிக்கிறோம். பதில் வந்ததும் இங்க போடுறேன்.